ஆடி மாதத்து விருந்தாளிகள்

ஃபாயிசா கட்டடங்களுக்குப் பிளான் வரைபவர். அதற்கென்று கல்லூரிக்குப் போனதில்லை. பல்லாவரத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர், அங்கிருந்த கணினியில் பழைய பிளான்களைத் திறந்து திறந்து பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். கணவர் யாசீன் பல்லாவரத்திலேயே டைல்ஸ், பாத்ரூம் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் ஃபைஸ், நாவலூரில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து தினமும் பைக்கில் போய் வந்துகொண்டிருந்தான்.

கட்டடத் தொழிலில் இருக்கிற எல்லோரையும் போல இந்தக் குடும்பத்துக்கும் ஆடி மாதத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஆனியில் ஆசாரியும் பெயிண்டரும் கையில் சிக்க மாட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் புதுமனை புகுந்துவிட வேண்டும் என்று ஊரே அவசரப்படும். ஆடி பிறந்துவிட்டால் எந்த வீட்டிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். வேலையாட்கள் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். அதனால், சாராள் என்பவர் கொடுத்த வேலையில் கதவு மாட்டுவதையும் பெயிண்ட் அடிப்பதையும் ஃபாயிசா ஆடி முதல் வாரத்துக்கு என்று தள்ளி வைத்திருந்தார். நல்ல யோசனை என்று சாராளும் சொன்னார்.

சாராள் ஓய்வு பெற்ற நர்ஸ். வீடில்லாமல் குழந்தைகளோடு தெருவில் இருக்கும் பெண்களுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறார். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்தில், முன்பு ஆண்கள் மேன்ஷனாக இருந்த கட்டடம் ஒன்று அவருக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. ஒன்றரை வருடம் வரை ஒரு குடும்பம் அங்கே தங்கலாம். அதற்குள் அம்மாவுக்கு ஒரு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கையில் ஆதார், வங்கியில் கொஞ்சம் சேமிப்பு. பிறகு வெளியே வாடகை வீடு. இதுதான் திட்டம்.

முதலில் பார்த்த இன்ஜினியர், சுவர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கி, இரண்டடுக்குக் கட்டில் போடலாம் என்றார். முப்பது பேர் படுக்கலாம். ஃபாயிசா அதற்குப் பிறகு வந்தவர். வரைவதற்கு முன்னால் தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிப் படுத்திருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். எத்தனை பேர் படுக்க வேண்டும் என்று அவர்கள் யாரும் பேசவில்லை. கதவைப் பற்றித்தான் பேசினார்கள். அப்புறம் அடுப்பைப் பற்றி. ஒருத்தி மட்டும், "கொடிகட்டித் துணி காயப்போட எடம் வேணும். காயறவரைக்கும் காவல் காக்க முடியாது" என்றாள்.

ஃபாயிசா இரண்டிரண்டு மேன்ஷன் அறைகளைச் சேர்த்து ஒரு வீடாக்கினார். உத்தரம் தாங்குகிற சுவரைத் தொடாமல் நடுச்சுவரில் மட்டும் வழி திறந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு மேடை, ஒரு குளியலறை, மொட்டை மாடியில் ஒரு பங்கு கொடி. கதவுக்கு இரும்புச் சட்டம் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, மரநிலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "உள்ளே வர்றவங்களுக்கு இது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கக்கூடாது. வீடு மாதிரி இருக்கணும்" என்றார்.

அப்படியே இருந்தது. தொந்தரவும் அங்கேதான் வந்தது.

முதல் வீடு அங்காளம்மாளுக்கு என்று முடிவாகியிருந்தது. முப்பது வயதைத் தாண்டியவர். கட்டட வேலைகளில் சித்தாளாக மண் சுமந்தவர். மகள் தேவதர்ஷினி மூன்றாம் வகுப்புப் படிக்க வேண்டியவள். இரண்டு வருடமாக இருவரும் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம், வண்டிகள் நிறுத்துமிடத்தின் சுவரோரம் இருந்தார்கள். யாரோ தகவல் சொல்லி, குழந்தைகள் நல அலுவலர் ஸ்ரீவத்சன் வந்து பார்த்திருந்தார். பெண் குழந்தை இப்படி வெளியில் இருக்கக் கூடாது. வரும் திங்கட்கிழமைக்குள் கதவும் கூரையும் உள்ள இடத்தில் குழந்தை இருக்க வேண்டும், இல்லையென்றால் செங்கல்பட்டில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாராள் தன் கட்டடத்தைக் காட்டி, "திங்கட்கிழமை வாங்க சார், இங்கேயே இருப்பாங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை சாராள் ஆட்டோ பிடித்து இருவரையும் அழைத்து வந்தார். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஃபாயிசா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அங்காளம்மாள் நிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். தேவதர்ஷினி உள்ளே ஓடப் பார்த்தாள். அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"வூடு சோக்கா கீது பாயம்மா. ஆவணில வரோம்."

ஃபாயிசாவுக்குப் புரியவில்லை. "ஆவணியா? ஏம்மா?"

"ஆடி பொறந்துட்ச்சே. ஆடில எவனாச்சும் குடி போவானா?"

சாராளுக்குக் கோபம் வந்தது. "பிளாட்பாரத்துல படுத்திருக்கே அங்காளம்மா. அங்கேர்ந்து வர்றதுக்கு என்ன நல்ல மாசம், கெட்ட மாசம்?"

"பிளாட்பாரத்துல கெடந்தா மாசம் தெரியாம பூடுமா மேடம்?"

"போன வருஷம் மழைக்கு அந்த ராத்தங்கல் கூடத்துல போய்ப் படுத்தியே. அதுவும் ஆடிதான்."

"அது ஹாலு. நூறு பேரு வந்து படுத்து எழுந்து போற எடம், சத்திரம் மாதிரி. இது அப்பிடியா? நெலவாசல் கீது. அடுப்பு கீது. தனிக் கதவு கீது. 'இது உன் வூடு'ன்னு நீங்கதானே சொல்லிக் கூட்டியாந்தீங்க? வூட்டுக்கு ஆடில வரமாட்டேன்."

சாராள் மேலும் பேச வாயெடுத்தார். அங்காளம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் மாடிப்படியில் ஏறி விளையாடப் போகும்வரை காத்திருந்தார்.

"கோவிலம்பாக்கத்துல ஒரு வூடு பாத்தோம். ஓனரு, உடனே வந்தா அட்வான்ஸ் கம்மின்னாரு. ஆடி மாசம். நான் வாணாம்னேன். எங்க வூட்டுக்காரருதான், 'நம்மள மாதிரி ஆளுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா'ன்னு இஸ்துகினு போனாரு. தீவாளிக்கு மின்னாடி சாரத்துலேர்ந்து வுழுந்து பூட்டாரு. நாவலூராண்ட ஃபிளாட்டு வேல. எனக்கு இனிமே பூடறதுக்கு இன்னா கீது? இதோ, இவ ஒருத்திதான்."

அவர் கணவர் பெயர் சக்திவேல் என்று ஃபாயிசாவுக்கு முன்பே தெரியும். எப்படி இறந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் போன பிறகு பெரும்பாக்கம் குடியிருப்பில் இருந்த மைத்துனர் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து, அங்கே இடமில்லாமல் தெருவுக்கு வந்தவர்கள் இவர்கள்.

வீட்டுக்குத் திரும்பிய ஃபாயிசா, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். யாசீன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆடில என் கடையில ஒரு வாஷ்பேசின் விக்காது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ங்க. வீடு கட்டுறவங்களுக்கு அப்படின்னு தெரியும். இவங்களும் குடிபோறவங்கதான்னு தோணவே இல்ல."

யாசீன் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபாயிசா மற்ற ஐந்து வீடுகளுக்கு வரவிருந்த குடும்பங்களையும் போய்க் கேட்டார். மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஒருத்தி, "நீங்க ஆனில சொல்லியிருந்தா ஓடியாந்திருப்போமே" என்று அங்கலாய்த்தாள். அவர்களால் ஆவணி வரை காத்திருக்க முடியும். அங்காளம்மாளுக்குத் திங்கட்கிழமைக்கு மேல் நேரமில்லை.

சனிக்கிழமை ஃபாயிசாவுக்கு ஒரு வழி தோன்றியது. கட்டி முடிக்காத கட்டடங்களில் வாட்ச்மேன் குடும்பங்கள் இருக்கின்றன. செங்கல்லை அடுக்கி அடுப்பு மூட்டி, மாதக் கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். யாரும் நல்ல நாள் பார்த்துப் போவதில்லை. அது இன்னும் வீடாகவில்லை என்பதுதான் காரணம். அங்காளம்மாளிடம் போய்க் கேட்டார்.

"கதவைக் கழட்டிடறேன். மேடையில அடுப்பு இருக்காது. வேலை நடக்கிற இடம்னு வெச்சுக்கங்க. வருவீங்களா?"

"அப்பிடி இருந்தா தப்பில்ல. சைட்டுல எத்தினி ஆடி பாத்திருக்கேன்" என்றார் அங்காளம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி டேனியல் வந்து, மாட்டின கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். "மாட்டச் சொன்னதும் நீங்கதான், கழட்டச் சொல்றதும் நீங்கதான். சித்தன் போக்கு சிவன் போக்குன்னு சொல்லுவாங்க, உங்களுக்கும் அப்படியா?" என்று முனகினார். ஃபாயிசா கதவில்லாத நிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்த பெண்கள் முதலில் கேட்டது கதவைத்தான்.

திங்கட்கிழமை ஸ்ரீவத்சன் சொன்ன நேரத்துக்கே வந்தார். மேலே வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே அங்காளம்மாளும் மகளும் தங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கதவு எங்கே?"

சாராள் விளக்கினார். ஸ்ரீவத்சன் பொறுமையாகக் கேட்டார். எரிந்து விழுகிற ஆள் இல்லை.

"எங்க வீட்லயும் ஆடி பார்ப்பாங்க மேடம். எங்கம்மா புது மிக்ஸி வாங்கினா கூட டப்பாவைப் பிரிக்க விடமாட்டாங்க. எனக்குப் புரியுது. ஆனா கதவில்லாத ரூம்ல பொண்ணு இருக்கான்னு நான் எப்படி எழுதுவேன்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

அந்தக் கடைசி வார்த்தை எல்லோர் மேலும் விழுந்தது. தேவதர்ஷினி, "அம்மா, என்னை எங்க அனுப்பப் போறாங்க?" என்றாள். அங்காளம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கதவை மாட்டலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் போனாலும் மகளை இழப்போம் என்று பயந்துபோன முகம்.

ஃபாயிசா பரபரப்பில், "எங்க வீட்டுக்கு வந்துடுங்க. பல்லாவரத்துல ஒரு ரூம் இருக்கு. ஆவணி வரைக்கும் இருங்க" என்றார்.

"உங்க வூட்டுக்கா?" அங்காளம்மாள் நிமிர்ந்தார். "அது விருந்தாடி போறது. அதுக்கு ஆடி இன்னா, மார்கழி இன்னா."

ஸ்ரீவத்சன் தலையை ஆட்டினார். "தனியார் வீட்டுக்கு என்னால அனுப்ப முடியாது. பதிவு பண்ணின இடம் இதுதான். இங்கே இருந்தாதான்."

சந்தில் ஏதோ அம்மன் கோயில் ஒலிபெருக்கி கூழ் ஊற்றுவதை அறிவித்துக்கொண்டிருந்தது. அங்காளம்மாள் அடுப்பு மேடையைப் பார்த்தார். ஃபாயிசாவைப் பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அப்போ நீங்க இங்க குடி வாங்களேன் பாயம்மா. உங்களுக்கு ஆடி கெடையாதே. நாங்க உங்க வூட்டுக்கு வந்த மாதிரி இருந்துக்கறோம்."

சாராள் ஸ்ரீவத்சனைப் பார்த்தார். ஸ்ரீவத்சன் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "கதவு இருக்கணும். பொறுப்புக்கு ஒரு பெரியவங்க கூடவே இருந்தாங்கன்னா இன்னும் நல்லதுதான். நாளைக்குக் காலையில வந்து பார்க்கறேன். மாசக் கடைசியில இன்னொரு தடவை வருவேன், சொல்லாம வருவேன்" என்றார்.

ஃபாயிசா கடைக்குப் போன் செய்தார். யாசீன் முழுவதையும் கேட்டார்.

"ஆடியில புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வெக்கறது புதுசாக் கல்யாணம் ஆனவங்களைத்தான். நம்மளை எதுக்கு இவ்வளவு லேட்டாப் பிரிக்கறாங்க?" என்றார். பிறகு, "பாயும் பாத்திரமும் ஃபைஸ்கிட்ட குடுத்து அனுப்பறேன். பால் வாங்கிக்கோ" என்றார்.

மறுநாள் ஸ்ரீவத்சன் வருவதற்கு முன்பே டேனியல் கதவை மாட்டிவிட்டார். இந்த முறை முனகவில்லை. அங்காளம்மாளையும் மகளையும் நடைவழியில் நிற்கச் சொல்லிவிட்டு, ஃபாயிசா பிஸ்மில்லா சொல்லி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். பாலைக் காய்ச்சினார். பொங்கியதும் வாசலுக்கு வந்து, "வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

நடைவழியில் யாரும் இல்லை.

ஃபாயிசா படியிறங்கி ஓடினார். சந்து முனையில் அங்காளம்மாள் மகளோடு வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கிள்ளு பூ.

"எங்கம்மா போனீங்க? பயந்துட்டேன்!"

"விருந்தாடி வெறுங்கையோடவா வருவாங்க?" என்றார் அங்காளம்மாள்.

சற்று நேரத்தில் வந்த ஸ்ரீவத்சன் கதவைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அப்படித்தான் அந்த மாதம் தொடங்கியது. தேவதர்ஷினியைச் சாராள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஃபாயிசா பகலில் அலுவலகம் போய் மாலையில் அங்கே திரும்பினார். தான் வரைந்த வீட்டில் தானே வாழ்வது அவருக்கு முதல் முறை. வரைந்தபோது தெரியாத பிழைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மேல் தாழ்ப்பாள் தேவதர்ஷினிக்கு எட்டவில்லை. அம்மா குளிக்கும்போது யாராவது தட்டினால் அவளால் திறக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. நடைவழி விளக்கின் வெளிச்சம் மேல் கண்ணாடி வழியாக நேராகப் படுக்கிறவர் முகத்தில் விழுந்தது. அங்காளம்மாள் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார இடமில்லை. இன்னும் வேலை முடியாத மற்ற ஐந்து வீடுகளின் படங்களையும் ஃபாயிசா திருத்தினார்.

திருத்த முடியாதது ஒன்று இருந்தது. அங்காளம்மாள் விருந்தாளியாகவே இருந்தார். அடுப்பைத் தொடமாட்டார். அலமாரியில் துணி வைக்கமாட்டார். பையின் வாய் எப்போதும் கட்டியே இருந்தது. காலையில் ஃபாயிசா எழுந்து பார்த்தால், பாயை விட்டு நகர்ந்து கதவுக்குக் குறுக்கே படுத்திருப்பார். மாலையில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கும்போதெல்லாம் ஃபாயிசா அந்தப் பையை நினைத்துக்கொண்டுதான் நடப்பார். கதவு திறந்ததும் முதலில் மூலையைப் பார்ப்பார். பை இருக்கும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

ஆடிப்பெருக்கு கழிந்து சில நாட்களில் தேவதர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. சாராள் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல்தான், இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாலையில் ஃபாயிசா வந்தபோது பை மூலையில் இல்லை. அங்காளம்மாளின் தோளில் இருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"எங்கே கிளம்பறீங்க?"

"ஆடில வாணாம்னு நான் மொதல்லயே சொன்னேன். விருந்தாடின்னு பேரு மாத்தினா ஆடிக்குத் தெரியாம பூடுமா? நாங்க எப்பவும் இருந்த எடத்துக்கே போறோம். அங்க இவளுக்கு ஒண்ணும் ஆவல."

"வெளியில மழை வருது. காய்ச்சலோட தூக்கிட்டுப் போனா நாளைக்கே சார் வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு."

"கூட்டிகினு போவட்டும். உசுரோட இருப்பாளே."

ஃபாயிசா கதவருகே போய் நின்றார். மறித்து நிற்பதா, வழி விடுவதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆடி கெட்ட மாதம் இல்லை என்று சொல்லலாம். அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை? சாரத்திலிருந்து விழுந்தது தன் வீட்டு ஆள் இல்லையே.

"அங்காளம்மா, இது யார் வீடு?" என்று கேட்டார்.

"இன்னா இப்ப கேக்கறீங்க?"

"யார் குடி வந்தது? பால் காய்ச்சினது யாரு?"

"நீங்கதான்."

"அப்போ ஆடியில குடி வந்ததுக்குக் கெடுதல்னு ஒண்ணு இருந்தா அது யாருக்கு வரணும்? எனக்கும் என் பிள்ளைக்கும்தானே? வந்த விருந்தாளிக்கு ஏன் வருது? இது வெறும் காய்ச்சல். வேற எதுவா இருந்தாலும் என் கணக்குல இருக்கட்டும்."

அங்காளம்மாள் அவரையே பார்த்தார். "பெத்த வாயால அப்பிடிச் சொல்லாதீங்க பாயம்மா" என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு எழுந்து, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக, தானே அடுப்பைப் பற்ற வைத்துக் கஞ்சி போட்டார்.

மறுநாள் பரிசோதனை முடிவில் டெங்கு இல்லை என்று வந்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. ஃபாயிசாவுக்குத்தான் அன்றிலிருந்து நிம்மதி போனது. ஆடியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சொன்ன சொல்லில் இருந்தது. ஃபைஸ் பைக்கில் வீடு திரும்பும் வேளையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேர்ந்துவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? தினமும் எதுக்கு ஃபோன்?" என்று அவன் சலித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல. ரேடியல் ரோட்ல மெதுவா வா."

போனை வைத்தபோது அங்காளம்மாள் பார்த்துக்கொண்டிருப்பார். "வந்துட்டானா தம்பி?" என்று அவரும் தினமும் கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் ஃபைஸ் போனை எடுக்கவில்லை. இரண்டு பேரும் நடைவழியில் நின்றார்கள். மேம்பாலத்தில் நெரிசல், போனில் சார்ஜ் இல்லை என்று பிறகு கூப்பிட்டுச் சொன்னான். அங்காளம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பேஜார் பண்ணிட்டான்" என்றார். ஃபாயிசாவின் கையை அவர் விடவில்லை.

மாதக் கடைசியில் ஸ்ரீவத்சன் சொல்லாமல் வந்தார். தேவதர்ஷினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆவணிக்குப் பிறகு என்ன என்று மட்டும் கேட்டார். ஃபாயிசா அங்காளம்மாளின் முகத்தைப் பார்த்தார். அங்காளம்மாள் மூலையிலிருந்த பையைப் பார்த்தார்.

ஆவணி முதல் தேதி காலை, ஃபாயிசா கண் விழித்தபோது தன் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்துப் பையில் அடுக்கப்பட்டிருந்தன. அங்காளம்மாள் தலைக்குக் குளித்திருந்தார்.

"எழுந்திருங்க பாயம்மா. நல்ல நேரம் போறதுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிக் குடுங்க."

ஃபாயிசா முகம் கழுவி, பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். சாராள் ஒரு புதுக் குடமும் உப்பும் மஞ்சளும் கொண்டுவந்திருந்தார். அம்மாவும் மகளும் அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஃபாயிசா தன் சாமான்களோடு நடைவழியில் நின்றார். தேவதர்ஷினி வந்து அவருக்கும் சாராளுக்கும் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அங்காளம்மாள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"அடிக்கடி வாங்க பாயம்மா. ஆனா ஃபோன் பண்ணிட்டு வாங்க. நாளைலேர்ந்து வேலைக்குப் போறேன், வூடு பூட்டிக் கெடக்கும்."